பான் ஜோவி நாஷ்வில்லுக்குப் போனது எதற்கு?

கேள்வி இதுதான்: எண்பதுகளில் 'லிவின் ஆன் எ பிரேயர்' பாடி அரங்குகளை அதிரவைத்த நியூ ஜெர்சி ராக் குழுவான பான் ஜோவி, 2007இல் 'லாஸ்ட் ஹைவே' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். அதைக் கன்ட்ரி (அமெரிக்கத் தென்மாநிலக் கிராமியப் பாட்டிலிருந்து வளர்ந்த இசை) ஆல்பம் என்கிறார்களே, உண்மையா? அல்லது காற்று அடித்த பக்கம் கவ்பாய் தொப்பியை மாட்டிக்கொண்டார்களா? கன்ட்ரியே கேட்டுப் பழகாத ஒருவர் அதை எங்கிருந்து தொடங்குவது?

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் உண்டு. குழுவின் பாடகர் ஜான் பான் ஜோவியே அதை, கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லின் தாக்கம் உள்ள பான் ஜோவி ஆல்பம் என்றுதான் சொல்லிவந்தார், கன்ட்ரி ஆல்பம் என்று அல்ல. என் காதுக்கும் அப்படித்தான் கேட்கிறது. ஆனால் 'தொப்பி மாட்டிக்கொண்டார்கள்' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பான் ஜோவி நாஷ்வில்லுக்குப் போவதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்பே பான் ஜோவி மாதிரியான இசை அங்கே குடிபோயிருந்தது. இவர்கள் போனது அந்நிய ஊருக்கு இல்லை, சொந்தக்காரர் குடியேறிய ஊருக்கு. அதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

ராக் குழு கன்ட்ரி பக்கம் போவது புதிய சங்கதி இல்லை. 1968 மார்ச் 15ஆம் தேதி 'தி பேர்ட்ஸ்' என்ற கலிபோர்னியா ராக் குழு நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடையில் ஏறியது. 1925இல் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கி, கன்ட்ரிக்காரர்களுக்குக் கோயில் மாதிரி ஆகிவிட்ட மேடை அது. குழுவினர் அதற்காக முடியைக்கூட வெட்டிக்கொண்டு போனார்கள். அப்படியும் கூட்டத்திலிருந்து கேலியும் கூச்சலும். போதாததற்கு, அறிவித்திருந்த பாட்டை விட்டுவிட்டுத் தான் எழுதிய வேறொரு பாட்டைக் குழுவின் கிராம் பார்சன்ஸ் பாட, நிகழ்ச்சிக்காரர்களுக்கும் கோபம். அந்த வருடம் வந்த அவர்களுடைய 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' பில்போர்டு பட்டியலில் 77ஆம் இடத்தைத் தாண்டவில்லை. இன்றைக்கு அதை இந்த வகைக்கே மூல நூல் மாதிரி கொண்டாடுகிறார்கள், அது வேறு விஷயம். அன்றைக்கு நீளமுடிக்கார ராக் பையன்களுக்கு நாஷ்வில் கதவைத் திறக்கவில்லை.

இப்போது 2006க்கு வாருங்கள். பான் ஜோவியின் 'ஹூ செஸ் யூ கான்ட் கோ ஹோம்' பாட்டை, 'ஷுகர்லேண்ட்' குழுவின் ஜெனிபர் நெட்டில்ஸ் ஜானோடு சேர்ந்து பாடிய வடிவம் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ஒரு ராக் குழுவுக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல்முறை என்று அப்போது பரவலாக எழுதினார்கள். அடுத்த பிப்ரவரியில் அதே பாட்டுக்குக் கன்ட்ரி கூட்டுப்பாடலுக்கான கிராமி விருது. நியூ ஜெர்சிக்காரர்களுக்குத் தென்மாநில வானொலிகள் விரித்த சிவப்புக் கம்பளம் இது. முப்பத்தெட்டு வருடத்தில் என்ன மாறியது?

மாறியது நாஷ்வில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கார்த் புரூக்ஸ் வந்தார். கிஸ், குயீன் போன்ற ராக் குழுக்களைக் கேட்டு வளர்ந்ததாக அவரே சொல்லிக்கொள்வார். 1993இல் டெக்சாஸ் ஸ்டேடியத்தில் கம்பியில் தொங்கியபடி கூட்டத்தின் தலைக்கு மேலே பறந்தார். கன்ட்ரி பாடகர் என்றால் ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டாரை மீட்டுபவர் என்ற படம் அத்தோடு கிழிந்தது. அப்புறம் 1997இல் கன்ட்ரி பாடகி ஷானியா ட்வைனின் 'கம் ஆன் ஓவர்'. அதைத் தயாரித்த மட் லாங்கே யார்? ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்', டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' இரண்டையும் தயாரித்த அதே மனிதர். அடுக்கடுக்காகப் பின்னணிக் குரல், கைதட்டத் தோதான டிரம்ஸ், முதல் தடவை கேட்கும்போதே கூடப் பாட வைக்கும் பல்லவி என்று எண்பதுகளின் அரங்க ராக்கில் இருந்ததெல்லாம் அப்படியே கன்ட்ரிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ராக் வானொலி அதற்குள் கிரஞ்ச், ராப்-மெட்டல் என்று வேறு திசையில் போய்விட்டது. எண்பதுகளில் பான் ஜோவி கேட்டு வளர்ந்து, இப்போது பிள்ளைகளைப் பள்ளிக்குக் காரில் கொண்டுவிடும் அமெரிக்கர்கள் எந்த நிலையத்தை வைப்பார்கள்? கன்ட்ரியைத்தான்.

'லாஸ்ட் ஹைவே'யின் இரண்டு தயாரிப்பாளர்களில் ஒருவரான டான் ஹஃப்பைப் பாருங்கள், முழுக் கதையும் அந்த ஒரு மனிதரிடம் இருக்கிறது. எண்பதுகளில் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டூடியோ கிட்டார் வாசித்தவர். 'ஜயன்ட்' என்ற ராக் குழுவை நடத்தியவர். பிறகு நாஷ்வில்லில் கீத் அர்பன், ராஸ்கல் ஃபிளாட்ஸ் போன்றவர்களுக்குத் தயாரிப்பாளர். இடையில் ஹெவி மெட்டல் குழுவான மெகாடெத்துக்கும் இரண்டு ஆல்பம் செய்து கொடுத்தார். ஆமாம், அந்த மெகாடெத்தேதான்! இப்படிப்பட்டவர் நடத்தும் ஸ்டூடியோவுக்குள் பான் ஜோவி நுழையும்போது யாரும் யாருக்கும் புதுசு இல்லை. மற்றவர் ஜான் ஷாங்க்ஸ், முந்தைய ஆல்பத்திலேயே இவர்களோடு வேலை செய்தவர்.

பான் ஜோவி பக்கத்திலும் விதை பழையதுதான். 1986இல் வந்த 'வான்டட் டெட் ஆர் அலைவ்' முழுக்க கவ்பாய் கற்பனை. ஊர் ஊராகச் சுற்றும் ராக் பாடகன், குதிரைக்குப் பதில் இரும்புக் குதிரையில் போகிறான். 1990இல் ஒரு கவ்பாய் படத்துக்காக ஜான் தனியாகவே ஒரு ஆல்பம் போட்டார். அதன் தலைப்புப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. இந்தத் தொப்பியையும் குதிரையையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது 'லிவின் ஆன் எ பிரேயர்'. துறைமுகத்தில் வேலைநிறுத்தத்தால் சம்பளம் இல்லாத டாமி, உணவகத்தில் பரிமாறும் ஜீனா. பெயர் உண்டு, வேலை உண்டு, பணக்கஷ்டம் உண்டு. 'நான்', 'நீ', 'காதல்' என்று பொத்தாம்பொதுவாகப் பாடாமல் இப்படி ஆளையும் இடத்தையும் தொட்டுக் காட்டுவது கன்ட்ரியின் அடிப்படைக் குணம். அந்தப் பாட்டின் டிரம்ஸையும், கிட்டாரை மனிதக் குரல் மாதிரி பேசவைக்கும் டாக் பாக்ஸையும் எடுத்துவிட்டு ஒரே கிட்டாரோடு பாடினால் நாஷ்வில்லின் எந்த மூலையிலும் செல்லும்.

சரி, 2007க்குப் போவோம். நாஷ்வில்லில் இவர்களுக்குக் கிடைத்த பெரிய பொருள் வாத்தியம் இல்லை, வேலை செய்யும் முறை என்பது என் எண்ணம். அந்த ஊரில் 'மியூசிக் ரோ' என்று ஒரு வட்டாரம். பாட்டு எழுதுவது அங்கே ஆபீஸ் வேலை மாதிரி. காலை பத்து, பத்தரைக்கு இரண்டு மூன்று பேர் ஒரு சின்ன அறையில் கிட்டாரோடு உட்காருவார்கள். சிலசமயம் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்துக்கொள்வார்கள். மாலைக்குள் ஒரு பாட்டு முடிந்திருக்க வேண்டும். வார்த்தைக்கு அங்கே தனி மரியாதை. ஒரு வரியில் பொருள் சறுக்கினால் மெட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட மாட்டார்கள்.

அப்புறம் ஸ்டூடியோ. நாஷ்வில் வாத்தியக்காரர்கள் கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளின்) பெயரை எழுதுவதில்லை, எண்ணை எழுதுகிறார்கள். ஐம்பதுகளின் கடைசியில் 'ஜோர்டனேர்ஸ்' பாடகர் நீல் மேத்யூஸ் தொடங்கிவைத்த பழக்கம். ஜி சுருதியில் ஜி, சி, டி மூன்றும் 1, 4, 5. பாடகருக்குத் தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்கு என்றால் தாளில் ஒரு எழுத்தும் மாற வேண்டாம், 1, 4, 5 அப்படியே நிற்கும். நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. எந்தக் கட்டையில் பாடினாலும் ஸ ஸதானே, ப பதானே. நாம் தனி ஸ்வரத்துக்குச் செய்வதை அவர்கள் கார்டுக்குச் செய்கிறார்கள். இந்தத் தாளை வைத்துக்கொண்டு, பாட்டை முன்பின் கேட்டிராதவர்கள் இரண்டு மூன்று எடுப்புகளில் ஒலிப்பதிவை முடித்துவிடுவார்கள்.

இந்த ஆல்பத்தில் பாடலாசிரியர்களின் பெயர்களைப் பாருங்கள். பிரெட் ஜேம்ஸ், ஹில்லரி லிண்ட்சி, கோர்டி சாம்ப்சன். 2005இல் கன்ட்ரி பாடகி கேரி அண்டர்வுட்டுக்குப் பெரிய வெற்றி தந்த 'ஜீசஸ், டேக் தி வீல்' பாட்டை எழுதிய அதே மூவர். இங்கே தனித்தனியாக ஜானோடும் குழுவின் கிட்டார்காரர் ரிச்சி சாம்போராவோடும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். லிண்ட்சியோடு எழுதிய 'சீட் நெக்ஸ்ட் டு யூ'வைக் கேளுங்கள். உலகத்தையே வெல்வேன் என்று முஷ்டியை உயர்த்தும் பழைய பான் ஜோவி அதில் இல்லை. உன் பக்கத்து இருக்கையில் இடம் கிடைத்தால் போதும் என்கிறார். கேட்பது அவ்வளவு சின்னது, அதனாலேயே நெஞ்சில் நிற்கிறது. இதை நாஷ்வில் பாடம் என்பேன்.

பாட்டுக்கான வலியும் அப்போது வீட்டிலேயே இருந்தது. ரிச்சி சாம்போராவுக்கும் நடிகை ஹீதர் லாக்லியருக்கும் விவாகரத்து 2007இல் முடிந்தது. அதே வருடம் ஏப்ரலில் ரிச்சியின் அப்பா புற்றுநோயில் இறந்தார். ஆல்பம் வெளிவரும் சமயத்தில் ரிச்சி மறுவாழ்வு மையத்தில். இதையெல்லாம் தெரிந்துகொண்டு 'ஹோல் லாட் ஆஃப் லீவின்', 'எவ்ரிபடிஸ் ப்ரோக்கன்' இரண்டையும் கேட்டால் வேறு கனம் வருகிறது. பிரிவு, குடி, வீடு, வண்டி, தேவாலயம்: கன்ட்ரியின் ஐந்திணை என்று விளையாட்டாகச் சொல்லலாம். இந்த ஆல்பத்தில் பாலை மட்டும் நிஜமாகவே விளைந்திருக்கிறது.

கன்ட்ரி பாடகி லீஆன் ரைம்ஸோடு பாடிய 'டில் வி எய்ன்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ் எனிமோர்' அழகான பாட்டுதான். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத் துடைத்து மெருகிட்ட மாதிரி இருக்கும். 'வி காட் இட் கோயிங் ஆன்' என்று பிக் அண்ட் ரிச் இரட்டையரோடு ஒரு கொண்டாட்டப் பாட்டு இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடலாம். விளையாட்டு அரங்கில் இடைவேளையில் போட அது சரி. 'சம்மர்டைம்' கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்கும் ரகம், கெடுதல் ஒன்றும் இல்லை.

ஆல்பத்தின் முதல் பாடல், தலைப்புப் பாடலே, இது ஏன் முழுக் கன்ட்ரி இல்லை என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. 'லாஸ்ட் ஹைவே' என்ற பெயர் கன்ட்ரி உலகத்தில் ஏற்கெனவே புனிதமான பெயர். லியோன் பெய்ன் என்ற பார்வையற்ற பாடலாசிரியர் எழுதி, 1949இல் ஹேங்க் வில்லியம்ஸ் பாடிய பாட்டு. அதில் அந்த நெடுஞ்சாலை நரகத்துக்கான வழி. சூதும் மதுவும் பொய் சொன்ன ஒருத்தியும் அதில் கொண்டுவந்து விட, திரும்ப வழியில்லாமல் உருள்கிறான் ஒருவன். ஹேங்க் வில்லியம்ஸின் முடிவும் அப்படியே ஆனது. 1953 புத்தாண்டு தினத்தில், கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின்சீட்டிலேயே இறந்துகிடந்தார். வயது 29.

பான் ஜோவியின் அதே பெயர் கொண்ட பாட்டில் நெடுஞ்சாலை என்றால் விடுதலை. நேற்றைக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும் சந்தோஷம். டாஷ்போர்டில் ஒரு பிளாஸ்டிக் இயேசு பொம்மைகூட உண்டு. கன்ட்ரிக்குரிய பொருள்தான், ஆனால் அலங்காரமாக உட்கார்ந்திருக்கிறது. பழைய கன்ட்ரியில் பாவம் செய்தவனுக்கு அதன் கணக்கு வந்து சேரும். எண்பதுகளின் ராக்கில் யாருக்கும் எந்தக் கணக்கும் வராது. எவ்வளவு பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் சேர்த்தாலும், ஜான் பாடுவது நம்பிக்கையின் பக்கம் நின்றுதான். அது அவருடைய இயல்பு, அதைக் குறை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஹேங்க் வில்லியம்ஸ் பாட்டைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

வாத்தியங்களைப் பற்றியும் கொஞ்சம். பிடில் என்பது நம் வயலினேதான், வாசிக்கும் விதம்தான் வேறு. கவனிக்க வேண்டியது பெடல் ஸ்டீல். மேசை மாதிரி கிடத்தி வைத்த கிட்டார், வழக்கமாகப் பத்துத் தந்தி. இடது கையில் உலோகக் குழவியைத் தந்திமேல் வழுக்கவிடுவார்கள். கோட்டுவாத்தியம் பார்த்திருந்தால் அந்த வழுக்கல் உடனே பிடிபடும். ஆனால் இதில் காலுக்கும் முழங்காலுக்கும் வேலை உண்டு: பெடலை மிதித்தால் ஒன்றிரண்டு தந்தி மட்டும் மேலேறும், மற்றவை அங்கேயே நிற்கும். கார்டுக்குள்ளேயே ஒரு ஸ்வரம் விம்மி ஏறி இன்னொன்றாக மாறும். அந்த அழுகைதான் கன்ட்ரியின் அடையாளம். பழைய கன்ட்ரியில் அது பாடகரோடு சரிசமமாகப் பேசும். இந்த ஆல்பத்தில் அது திரைச்சீலை மாதிரி பின்னால் தொங்குகிறது. முன்னால் நிற்பது ரிச்சியின் மின்கிட்டாரும் டிகோ டாரஸின் டிரம்ஸும்தான். பான் ஜோவியின் எலும்புக்கூடு அது, அதை மாற்ற அவர்கள் முயலவே இல்லை.

பலன் எப்படி? 2007 ஜூனில் அமெரிக்காவில் வெளிவந்த முதல் வாரத்தில் சுமார் 2,92,000 பிரதிகள் விற்று, பில்போர்டு ஆல்பம் பட்டியலில் நேராக முதலிடம். 1988இன் 'நியூ ஜெர்சி'க்குப் பிறகு அவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவே இல்லை. அந்த அக்டோபரில் நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரில் புதிய அரங்கை இவர்கள்தான் பத்து நாள் கச்சேரியோடு திறந்துவைத்தார்கள். சுற்றுப்பயணம் முடியும் தறுவாயில், 2008 ஜூலை 12 அன்று, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இலவசக் கச்சேரி. வந்தவர்கள் சுமார் அறுபதாயிரம் பேர்.

கிராமி இந்த ஆல்பத்தை எந்தப் பிரிவில் பரிந்துரைத்தது தெரியுமா? பாப். சிறந்த பாப் ஆல்பத்துக்கான பட்டியலில் பால் மெக்கார்ட்னி, ஏமி வைன்ஹவுஸ் ஆகியோரோடு நின்று, வைன்ஹவுஸிடம் தோற்றது. அதே வருட விருது விழாவில், அதே 2007இல் ஆல்பம் போட்ட இன்னொரு பழைய குழுவான ஈகிள்ஸ், 'ஹவ் லாங்' பாட்டுக்குக் கன்ட்ரி பிரிவில் விருது வாங்கியது. ஈகிள்ஸ் அதற்காக எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. எழுபதுகளில் பாடிய மாதிரியே பாடினார்கள், கன்ட்ரிதான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

'சந்தைக்காகவா?' என்ற சந்தேகத்துக்கு வருகிறேன். ஆல்பத்தின் மேல் மெர்குரி நாஷ்வில் நிறுவனத்தின் பெயரும் இருக்கிறது. ஒரு கன்ட்ரி வெற்றியைப் பார்த்த பிறகுதான் இந்த ஆல்பமே வந்தது. கணக்குப் போடவில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நிஜமாகக் குடிபெயர்ந்தவரைப் பார்க்க வேண்டும் என்றால் டேரியஸ் ரக்கரைப் பாருங்கள். தொண்ணூறுகளில் 'ஹூட்டி அண்ட் தி புளோஃபிஷ்' என்ற ராக் குழுவின் பாடகர். 2008இல் கன்ட்ரிக்கு வந்தபோது புதுமுகம் மாதிரி வானொலி நிலையம் நிலையமாக ஏறி இறங்கினார். முதல் பாட்டே கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் போனது. அத்தோடு அங்கேயே தங்கியும்விட்டார். பான் ஜோவியோ 2009இல் 'தி சர்க்கிள்' என்ற ஆல்பத்தோடு பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள். சம்பாதிக்க மட்டும் வந்தவர்கள் என்றால் இரண்டாவது, மூன்றாவது கன்ட்ரி ஆல்பம் போட்டிருப்பார்களே என்று ஒரு பக்கம் தோன்றும். வந்தவர்கள் ஊர்க்காரர்களாக ஆகவில்லையே என்று இன்னொரு பக்கமும் தோன்றும். உறவுக்காரர் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கி, அவர்கள் சமையலை ரசித்து, கொஞ்சம் பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு திரும்பியதாகத்தான் எனக்குப் படுகிறது.

ஒரு வேடிக்கை. ஆல்பத்தில் இன்றைக்கும் எல்லோரும் நினைவு வைத்திருக்கும் பாட்டு 'யூ வான்ட் டு மேக் எ மெமரி'. பழைய காதலி எதிரே வந்து நிற்கிறாள், பேச வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான் கதை. மெதுவான கிட்டாரும் ஜானின் தணிந்த குரலுமாகத் தொடங்கும். நாஷ்வில் ஆட்களின் வேலை என்றுதான் நினைப்போம். எழுதியது ஜான், ரிச்சி, கூடவே பாடலாசிரியர் டெஸ்மண்ட் சைல்ட். 1986இல் 'லிவின் ஆன் எ பிரேயர்' எழுதிய அதே மூன்று பேர்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். ஆல்பத்துக்குப் போகாமல் முதலில் அதற்கு முந்தைய 2005இன் 'ஹேவ் எ நைஸ் டே' ஆல்பத்தை எடுங்கள். அதில் 'ஹூ செஸ் யூ கான்ட் கோ ஹோம்' இரண்டு தடவை இருக்கிறது: ஜான் தனியாகப் பாடும் ராக் வடிவம், ஜெனிபர் நெட்டில்ஸோடு பாடும் வடிவம். இடையில் வேறு எதையும் போடாமல் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு அதே, வரிகள் அதே. முதல் வடிவத்தில் ஊருக்குத் திரும்பும் ஒருவன் தன் வெற்றியைச் சொல்கிறான். இரண்டாவதில் ஜார்ஜியாவில் வளர்ந்த நெட்டில்ஸ் அந்தத் தென்மாநில இழுவையோடு தன் அடியை எடுக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, திரும்ப ஒருமுறை ஓடவிடுங்கள். அதற்குப் பிறகு 'லாஸ்ட் ஹைவே'யில் 'சீட் நெக்ஸ்ட் டு யூ', 'மேக் எ மெமரி', 'எவ்ரிபடிஸ் ப்ரோக்கன்' மூன்றையும் இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள். கொண்டாட்டப் பாட்டுகளை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.